தோல் செல்லின் கட்டுப்பாடு தளரும்போது...

நம் உடலின் ஏறக்குறைய எல்லா செல்களிலும் ஒரே மரபணுக்கள்தான் இருக்கின்றன. தோல் தோலாகவே இருப்பதற்குக் காரணம், எந்த மரபணு எப்போது இயங்க வேண்டும், எது அடங்கியிருக்க வேண்டும் என்ற ஒழுங்கு. அந்த ஒழுங்கு குலைவதில்தான் தோல் புற்றுநோய் தொடங்குகிறது.

நலமான தோலில்

மேல்தோலின் அடியடுக்கில் செல்கள் பிரிந்து பெருகுகின்றன. அங்கே கெரட்டின் 5, 14 புரதங்களுக்கான மரபணுக்கள் இயங்கும். செல் மேலே நகரத் தொடங்கியதும் அவை அடங்கி, கெரட்டின் 1, 10 மரபணுக்கள் வேலைக்கு வரும், பிரிவதும் நின்றுவிடும். சுமார் ஒரு மாதத்தில் அந்தச் செல் செதிலாக உதிர்ந்துவிடும்.

வெயிலின் புற ஊதாக் கதிர் டி.என்.ஏ.வைச் சிதைத்தால், பி53 என்ற புரதம் பி21 மரபணுவை இயக்கிப் பிரிதலை நிறுத்துகிறது. பழுது சரியானால் செல் பிழைக்கும். இல்லையேல் தன்னையே அழித்துக்கொள்ளும்.

தடம் மாறும்போது

மேல்தோல் செல்களில் தொடங்கும் செதிள் செல் புற்றுநோயில் பெரும்பாலும் இந்த பி53 புரதத்துக்கான மரபணுவே கெட்டுப்போயிருக்கும். நிறமிச் செல்களில் தொடங்கும் புற்றுநோயான மெலனோமா வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு பிராஃப் மரபணு மாறியிருப்பது 2002இல் தெரியவந்தது. 2013இல் இன்னொரு உண்மை வெளிப்பட்டது. பல மெலனோமாக்களில் டெர்ட் மரபணு அப்படியே இருக்க, அதை இயக்கும் முன்பகுதியில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. அடங்கியிருக்க வேண்டிய மரபணு அதனால் இயங்கி, முடிவின்றிப் பிரியும் ஆற்றலைச் செல்லுக்குத் தருகிறது.

ஒரு மாற்றம் மட்டும் புற்றுநோயாகிவிடாது. பல மாற்றங்கள் ஒரே செல்லில் சேர வேண்டும்; அதற்குப் பெரும்பாலும் ஆண்டுகள் பிடிக்கும்.

கருநிறம் முழுக் காப்பு அல்ல

மெலனின் என்ற கருநிறமி நிறைந்த தோலுக்கு வெயிலால் வரும் ஆபத்து குறைவுதான். ஆனால் உள்ளங்கை, உள்ளங்கால், நகத்தடி ஆகிய இடங்களில் வரும் மெலனோமாவுக்கு வெயில் முக்கியக் காரணம் அல்ல. பாடகர் பாப் மார்லிக்குக் கால்விரல் நகத்தடியில் தொடங்கியது இந்நோய். 1981இல், 36 வயதில் இறந்தார். பழைய தீக்காயத் தழும்பில் ஆறாமல் கிடக்கும் புண்ணும் செதிள் செல் புற்றுநோயாக மாறலாம்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

• மச்சத்தின் அளவு, நிறம், ஓரம் மாறினால்
• உள்ளங்காலில் புதிதாகக் கரும்புள்ளி தோன்றினால்
• ஒரே நகத்தில் கருங்கோடு தோன்றி அகலமானால்
• புண் ஒரு மாதமாகியும் ஆறாவிட்டால், தொட்டாலே ரத்தம் கசிந்தால்

வலி இல்லையே என்று தள்ளிப்போடாதீர்கள். தொடக்கத்தில் பெரும்பாலும் வலி இருக்காது. சந்தேகம் இருந்தால் தோல் மருத்துவர் சிறு துண்டு எடுத்து பயாப்சி செய்து உறுதிப்படுத்துவார். பரவும் முன்பே வெட்டி எடுத்துவிட்டால் பெரும்பாலோர் முழுமையாகக் குணமடைகிறார்கள்.