செங்கல்பட்டில் அட்டை, பாரிஸில் ரயில்: நடுவில் நடப்பது என்ன?

மாமல்லபுரத்துக்கு ரயில் நிலையம் கிடையாது. கடற்கரைக் கோயிலைப் பார்த்துவிட்டு மதுரைக்கோ ராமேஸ்வரத்துக்கோ ரயிலேற நினைப்பவர், ஏறத்தாழ 30 கி.மீ. தள்ளியிருக்கும் செங்கல்பட்டு சந்திப்புக்கு வந்தாக வேண்டும். 1984-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற ஊர் மாமல்லபுரம். 2021-22-ல், தொல்லியல் துறை கட்டணம் வசூலிக்கும் நினைவுச் சின்னங்களில் வெளிநாட்டவர் அதிகம் வந்தது தாஜ்மகாலுக்கு அல்ல. 1,44,984 பேருடன் மாமல்லபுரம்தான் முதலிடத்தில் நின்றது. ஒத்தவாடைத் தெரு விடுதிகளில் தங்கும் இந்தப் பயணிகள், தங்கள் ஊர் வங்கி கொடுத்த கடன் அட்டையை வைத்துக்கொண்டு இந்திய ரயிலுக்கு முன்பதிவு செய்யப் பார்க்கிறார்கள்.

எதிர்த் திசையிலும் இதே முயற்சி நடக்கிறது. செங்கல்பட்டு, கூடுவாஞ்சேரி, சிறுசேரி வீடுகளிலிருந்து ஐரோப்பாவுக்குச் சுற்றுலா போகிறவர்கள், வேலைக்குப் போன பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்கள், பாரிஸிலிருந்து மிலனுக்கும் மியூனிக்கிலிருந்து வியன்னாவுக்கும் இங்கிருந்தே டிக்கெட் எடுக்கப் பார்க்கிறார்கள். பெயர், தேதி, இருக்கை எல்லாம் நிரப்பி முடித்த பிறகு, கடைசிப் பக்கத்தில் ‘பரிவர்த்தனை தோல்வி’ என்று வருகிறது. அட்டையில் வரம்பு இருக்கிறது. எண்ணும் சரிதான். பிறகு ஏன்?

வங்கியின் கணினி கேட்கும் கேள்விகளில் ‘பணம் இருக்கிறதா?’ என்பது ஒன்றுதான். அதைவிடக் கனமானவை இரண்டு உண்டு. இந்த எண்ணைத் தட்டச்சு செய்பவர் அட்டைக்கு உரியவர்தானா? இல்லையென்றால் நஷ்டம் யார் தலையில்? இவற்றுக்கு இந்தியா ஒரு விதியும் ஐரோப்பா வேறொரு விதியும் வைத்திருக்கின்றன. இரண்டு விதிகளும் சந்திக்காத இடத்தில்தான் நம் டிக்கெட் சிக்கிக்கொள்கிறது.

எண்ணுக்குள் ஒரு கணக்கு

அட்டையின் எண் குத்துமதிப்பாகக் கொடுக்கப்படுவதில்லை. முதல் இலக்கம் 4 என்றால் விசா. 51 முதல் 55 வரை தொடங்கினால் மாஸ்டர்கார்டு. 34 அல்லது 37 என்றால் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ். முதல் ஆறு இலக்கங்கள், இப்போது பல அட்டைகளில் முதல் எட்டு இலக்கங்கள், எந்த வங்கி எந்த நாட்டில் கொடுத்த அட்டை என்பதைக் காட்டிவிடும். எண்ணை அடித்த மறுகணமே, இது இந்திய அட்டை என்பது பாரிஸில் உள்ள தளத்துக்குத் தெரிந்துவிடுகிறது.

கடைசி இலக்கம் ஒரு காவல் இலக்கம். ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய ஹான்ஸ் பீட்டர் லூன் இதற்கான முறையை வகுத்து 1954-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1960-ல் அது கிடைத்தது. மாமல்லபுரத்தின் பின்கோடு 603104-ஐ வைத்தே அதைச் செய்து பார்க்கலாம். வலது கோடியிலிருந்து ஒன்றுவிட்டு ஒன்றாக இரட்டியுங்கள்: 4 எட்டாகும், 1 இரண்டாகும், 6-க்கு அடுத்துள்ள 0 பூஜ்யமாகவே நிற்கும். மற்ற இலக்கங்களை அப்படியே விடுங்கள். கூட்டினால் 8+0+2+3+0+6, அதாவது 19. அடுத்த பத்தின் மடங்கான 20-ஐ எட்ட 1 தேவை. அதுவே காவல் இலக்கம். முழு எண் 6031041. இதில் நடுவிலுள்ள 1-ஐ யாராவது தவறிப்போய் 7 என்று அடித்தால், 7 இரட்டித்து 14 ஆகும். 9-க்கு மேல் போனால் 9-ஐக் கழிக்க வேண்டும் என்பதால் 5. இப்போது மொத்தம் 23. பத்தின் மடங்கு இல்லை, பிழை பிடிபட்டது.

ஒற்றை இலக்கப் பிழை எதுவும் இந்தக் கணக்கில் தப்பாது. பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலும், 0-வும் 9-ம் மாறிய சந்தர்ப்பம் தவிர, மாட்டிக்கொள்ளும். ஆனால் இந்தச் சோதனை கைப்பிழையைத்தான் பிடிக்கும். திருடிய எண்ணைச் சரியாக அடிப்பவனை அதனால் தடுக்க முடியாது. அட்டையின் பின்னால் உள்ள மூன்று இலக்க சிவிவி எண் அதற்காகவே வந்தது. வங்கி தன்னிடமுள்ள ரகசியச் சாவிகளைக் கொண்டு கணக்கிடும் எண் அது. கட்டணம் முடிந்த பிறகு அதைச் சேமித்து வைக்க எந்தக் கடைக்கும் அனுமதி இல்லை.

கடலுக்கு அடியில் ஒரு சுற்று

‘பணம் செலுத்து’ என்று அழுத்தியதும் தகவல் ஐரோப்பாவுக்குப் போகிறது. ஆசியாவையும் ஐரோப்பாவையும் இணைக்கும் கடலடிக் கேபிள்களில் ஒன்றான சீ-மீ-வீ 4, 2005 முதல் இயங்குகிறது. சென்னையிலும் மும்பையிலும் கரையேறும் அது, பிரான்ஸின் மார்செய் நகரில் முடிகிறது. கண்ணாடி இழையில் ஒளியின் வேகம் நொடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. 10,000 கி.மீ. தூரத்தைக் கடக்க ஒரு நொடியின் இருபதில் ஒரு பங்கு போதும்.

ரயில் நிறுவனத்தின் தளம் அந்தக் கோரிக்கையைத் தன் வங்கியிடம் தருகிறது. அந்த வங்கி விசா அல்லது மாஸ்டர்கார்டு வலையமைப்புக்கு அனுப்புகிறது. வலையமைப்பு, முதல் இலக்கங்களைப் பார்த்து, அட்டையைக் கொடுத்த இந்திய வங்கிக்கே அதைத் திருப்பி அனுப்புகிறது. பாரிஸ் ரயிலில் உங்களுக்கு இடம் உண்டா என்பது பாரிஸில் முடிவாவதில்லை. செங்கல்பட்டிலிருந்து கிளம்பிய கோரிக்கை கடல் தாண்டிப் போய், மீண்டும் இந்திய வங்கியின் கணினிக்கே வந்து நிற்கிறது.

கடல் கடந்து பணம் பெறும் ஏற்பாடு தமிழருக்குப் புதிதல்ல. ரங்கூனில் எழுதப்பட்ட நகரத்தார் உண்டியலுக்கு ஊரில் பணம் கிடைத்தது. எழுதியவர் யார், அவர் சொல்லுக்கு யார் பொறுப்பு என்பது இரு பக்கமும் தெரிந்திருந்ததால் அது செல்லுபடியானது. அட்டையில் அந்த இரண்டையும் சில நொடிகளில், முகம் பார்க்காமல் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

ஓடிபி ஏன் வரவில்லை?

இணையத்தில் அட்டையைப் பயன்படுத்த, எண்ணைத் தாண்டி இன்னொரு சான்றும் வேண்டும் என்ற விதியை ரிசர்வ் வங்கி 2009 ஆகஸ்ட் 1 முதல் கட்டாயமாக்கியது. ஓடிபி நம் அன்றாடப் பழக்கமானது அதனால்தான். ஆனால் அந்த விதி, இந்தியாவில் கொடுக்கப்பட்ட அட்டையை இந்தியக் கடையில் பயன்படுத்தும்போதுதான் பொருந்தும். ஐரோப்பாவும் 2019 செப்டம்பர் 14 முதல் இதே போன்ற இரட்டைச் சான்று விதியைக் கொண்டுவந்தது. அங்கே அட்டை கொடுத்த வங்கி, கடையின் வங்கி இரண்டும் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்குள் இருந்தால்தான் அது முழுதாகக் கட்டுப்படுத்தும்.

இந்திய அட்டையால் ஐரோப்பிய ரயில் டிக்கெட் வாங்கும்போது இரண்டு விதிகளும் முழுதாகப் பொருந்துவதில்லை. சில தளங்கள் நம் வங்கியின் சரிபார்ப்புப் பக்கத்தைத் திறக்கின்றன; ஓடிபி வருகிறது. சில தளங்கள் எதையும் கேட்காமலே பணத்தை எடுத்துக்கொள்கின்றன. இன்னும் சில தளங்களில், சரிபார்ப்பு இல்லாமல் வந்த வெளிநாட்டுக் கோரிக்கை என்று நம் வங்கியே மறுத்துவிடுகிறது. பிரான்ஸின் எஸ்என்சிஎஃப், ஜெர்மனியின் டாய்ச்ச பான், இத்தாலியின் ட்ரெனிதாலியா, ஸ்பெயினின் ரென்ஃபே என ஒவ்வொரு நாட்டு ரயில்வேக்கும் தனித் தளம், தனிக் கட்டண வாசல். ஒன்றில் செல்லும் அட்டை மற்றொன்றில் செல்லாமல் போவது இதனால்தான்.

ரயில் நிறுவனங்களின் அச்சத்தையும் புரிந்துகொள்ள வேண்டும். மின் டிக்கெட் வாங்கிய நொடியிலேயே கைக்கு வந்துவிடுகிறது. திருட்டு அட்டையால் வாங்கி, வேறொருவருக்கு விற்றுவிட்டு மறைந்துவிடலாம். உரியவர் புகார் செய்யும்போது ரயில் போய்ச் சேர்ந்திருக்கும். வங்கியின் சரிபார்ப்பு நடந்திருந்தால் மோசடி நஷ்டம் பொதுவாக அட்டை கொடுத்த வங்கியைச் சேரும். நடக்காவிட்டால் கடையைச் சேரும். ஆகவே சந்தேகமுள்ள வெளிநாட்டு அட்டையைக் கழித்துவிடுவதே எளிது என்று சில தளங்கள் முடிவெடுக்கின்றன.

பின்கோடும் இனிஷியலும்

சில தளங்கள் முகவரியின் அஞ்சல் எண்ணைக் கேட்டு, அதன் இலக்கங்களை வங்கியிடம் ஒப்பிட்டுப் பார்க்கின்றன. இந்த ஒப்பீடு முக்கியமாக அமெரிக்கா, கனடா, பிரிட்டன் அட்டைகளுக்காக உருவானது. 603001 என்று செங்கல்பட்டின் ஆறு இலக்கத்தைக் கொடுத்தால், ஒப்பிட மறுமுனையில் ஏற்பாடு இருக்காது. ‘சரிபார்க்க முடியவில்லை’ என்ற பதிலையே மறுப்பாக எடுத்துக்கொள்ளும் தளத்தில் டிக்கெட் கிடைக்காது.

தமிழ்ப் பெயர்களுக்கு இன்னொரு சிக்கல். நமக்கு இனிஷியலும் பெயரும்தான். குடும்பப் பெயர் கிடையாது. ஐரோப்பியப் படிவமோ இரண்டு கட்டங்களையும் நிரப்பச் சொல்கிறது. அட்டையில் உள்ளபடி எழுதுவதா, பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுதுவதா என்று பலரும் தடுமாறுகிறார்கள். பெரும்பாலான அட்டைகளில் வங்கி ஒப்பிடுவது எண், காலாவதித் தேதி, சிவிவி ஆகியவற்றைத்தான். அதனால் பயணியின் பெயருக்கான கட்டத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளதையே எழுதுங்கள். ரயிலில் பரிசோதகர் பார்க்கப்போவது பாஸ்போர்ட்டை.

நமக்குச் சொல்லப்படாத இரண்டு இலக்கம்

வங்கி மறுக்கும்போது காரணத்தையும் சேர்த்தே அனுப்புகிறது. அட்டைச் செய்திகளுக்கென ஐஎஸ்ஓ 8583 என்ற சர்வதேசத் தரம் 1987 முதல் இருக்கிறது. அதில் மறுப்புக்கு இரண்டு இலக்கக் குறியீடு உண்டு. 51 என்றால் போதிய பணம் இல்லை. 54 என்றால் அட்டை காலாவதி. 14 என்றால் எண் தவறு. 91 என்றால் வங்கியின் கணினி பதிலளிக்கவில்லை. 57 என்றால் இந்த வகைப் பரிவர்த்தனைக்கு அட்டையில் அனுமதி இல்லை. 05 என்றால் காரணம் விளக்காத பொது மறுப்பு. இத்தனை தெளிவாக வந்த பதில், திரையில் ‘தோல்வி’ என்ற ஒற்றைச் சொல்லாகச் சுருங்கிவிடுகிறது.

57-க்கு இந்தியாவில் ஒரு பின்னணி உண்டு. 2020 ஜனவரியில் ரிசர்வ் வங்கி வெளியிட்டு அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த உத்தரவின்படி, புதிய அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாடும் இணையப் பயன்பாடும் மூடியே கொடுக்கப்படுகின்றன. இவற்றுக்கு ஒருபோதும் பயன்படாத பழைய அட்டைகளிலும் இவை மூடப்பட்டன. வேண்டியவர் வங்கியின் செயலியில் தானே திறந்துகொள்ளலாம், வரம்பும் வைத்துக்கொள்ளலாம். மோசடியைத் தடுக்கும் நல்ல ஏற்பாடு இது. ஆனால் அந்தப் பொத்தான் இருப்பதே தெரியாதவர், திரும்பத் திரும்ப முயன்று அட்டையையே முடக்கிக்கொள்கிறார்.

இங்கே வருபவரின் நிலை

இந்தியாவில் இணையவழி ரயில் முன்பதிவு 2002 ஆகஸ்டில் ஐஆர்சிடிசி வழியே தொடங்கியது. வெளிநாட்டுக் கைபேசி எண்ணில் பதிவு செய்ய 100 ரூபாயும் ஜிஎஸ்டியும் கட்ட வேண்டும். வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகளுக்கெனத் தனி ஒதுக்கீடு உண்டு. நமக்கு 2024 நவம்பர் முதல் 60 நாள் முன்பதிவுதான் என்றாலும், அவர்கள் 365 நாள் முன்பே எடுக்கலாம். யுபிஐ-யிலும் கதவு திறந்திருக்கிறது. ஜி20 நாட்டுப் பயணிகளுக்காக 2023 பிப்ரவரியில் யுபிஐ பணப்பை அறிமுகமானது. 2024 பிப்ரவரியில் பாரிஸ் ஈஃபிள் கோபுர நுழைவுச்சீட்டை யுபிஐ-யில் வாங்கும் வசதி தொடங்கியது. ஒரு கோபுரத்துக்குச் சாத்தியமானது ரயில்களுக்கும் சாத்தியமாக வேண்டும்.

டிக்கெட் எடுக்கும் முன்

வங்கிச் செயலியில் வெளிநாட்டு இணையப் பயன்பாட்டைத் திறந்து, டிக்கெட் விலைக்குச் சற்று மேல் வரம்பு வையுங்கள். வேலை முடிந்ததும் மூடிவிடுங்கள். விசா ஒன்றும் மாஸ்டர்கார்டு ஒன்றுமாக இரண்டு அட்டை இருந்தால் நல்லது. இந்திய சிம் வேலை செய்யும் இடத்தில், அதாவது கிளம்பும் முன்பே, டிக்கெட் எடுத்துவிடுங்கள். கட்டணத்தை ரூபாயில் காட்டட்டுமா என்று தளம் கேட்டால், யூரோவையே தேர்ந்தெடுங்கள்; ரூபாயாக மாற்றித் தருபவர் தன் லாபத்தை அதில் சேர்த்திருப்பார். உங்கள் வங்கியின் கூடுதல் கட்டணத்தையும் கணக்கில் கொள்ளுங்கள். 3.5 சதவீதம் என்றால், 100 யூரோவுக்கு 3.50, அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 63 சென்ட், மொத்தம் 4.13 யூரோ. ஒருமுறை மறுக்கப்பட்டால் உடனே மறுபடி அழுத்தாமல், வங்கியை அழைத்து மறுப்புக் குறியீடு என்னவென்று கேளுங்கள்.

விதிகளும் மாறிவருகின்றன. வெளிநாட்டுத் தளம் சரிபார்ப்பு கேட்டால் அதைச் செய்துதரும் ஏற்பாட்டை 2026 அக்டோபர் 1-க்குள் இந்திய வங்கிகள் வைத்திருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பரில் உத்தரவிட்டது. நல்ல தொடக்கம், ஆனால் இது போதாது. மறுப்பின் காரணம் இரண்டு இலக்கமாக வங்கியிடம் தயாராக இருக்கும்போது, அதை வாடிக்கையாளரிடமிருந்து மறைப்பதில் பாதுகாப்பு எதுவும் இல்லை. ‘உங்கள் அட்டையில் வெளிநாட்டுப் பயன்பாடு மூடியிருக்கிறது, இந்த இடத்தில் திறக்கலாம்’ என்று ஒரு வரி குறுஞ்செய்தியைத் தமிழில் அனுப்புவது எந்த வங்கிக்கும் பெரிய வேலை அல்ல. இதை நாம் கேட்க வேண்டும். வங்கியின் வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதிக் கேட்க வேண்டும். கணினிக்குத் தெரிந்த காரணம் பணத்துக்கு உரியவருக்கும் தெரிந்தாக வேண்டும்.