பேனா ஒழுகினால் நிப்பைத் திட்டாதீங்க... கழுத்து மரையைப் பாருங்க!

இங்க் பேனாவோடு பள்ளிக்கூடம் போன தலைமுறைக்கு ஓர் அடையாளம் உண்டு. வெள்ளைச் சட்டைப் பையின் அடியில் நீலக் கறை! எந்த சோப்புக்கும் அது போகாது. தாளில் மை கொட்டினால் சாக்பீஸை உருட்டி உறிஞ்சி எடுப்பார்கள். சட்டையில் கொட்டினால் வீட்டில் முதுகு பழுக்கும்.

அந்தக் கறைக்கு யார் காரணம்? நிப்பு சரியில்லை, மை தண்ணியா இருக்கு என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். பேனா கடையும் பட்டறையில் கொடுத்தால், முதலில் பேனாவைக் கழற்றி மரையைத்தான் பார்ப்பார்கள். கோளாறு பல நேரம் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

இப்போது மேஜை மேல் வைக்கிற சின்ன லேத் மிஷின்கள் வந்துவிட்டன. சுமார் 40 கிலோ எடை. வீட்டு சிங்கிள் பேஸ் கரண்டிலேயே ஓடும். கையால் கடைந்த எபோனைட் பேனா ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு விலை போகிறது. ஷிப்ட் முடிந்து வரும் டர்னருக்கு, "நாமும் ரெண்டு பேனா கடைந்து பார்த்தால் என்ன?" என்று தோன்றுவதில் வியப்பில்லை. இரும்பையே கடைந்த கைக்கு இது எம்மாத்திரம்?

அங்கேதான் சிக்கல். பேனாவின் வெளி உடம்பு சுலபம். பளபளப்பு அதைவிடச் சுலபம். கண்ணுக்குத் தெரியாத உள் துளையிலும் மரையிலும்தான் கையைச் சுட்டுக்கொள்ள வேண்டியிருக்கும்.

எண்ணெய் டின் கணக்கு

எண்ணெய் டின்னில் ஒரே ஒரு ஓட்டை போட்டுக் கவிழ்த்துப் பாருங்கள். எண்ணெய் சீராக வராது. 'மொடக்... மொடக்...' என்று விட்டு விட்டு வரும். எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை போட்டால் சரசரவென்று கொட்டும். காற்று உள்ளே போனால்தான் எண்ணெய் வெளியே வரும்.

இங்க் பேனாவும் இதே கதைதான். மை ஒரு சொட்டு தாளுக்குப் போனால், அந்த அளவுக்குக் காற்று உள்ளே போக வேண்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. காற்று போகாவிட்டால் பேனா எழுதாது. போகக்கூடாத வழியில், அதாவது கழுத்து மரை வழியாகக் காற்று போனால் மை கொட்டும். சட்டைப் பை நீலமாகும்!

இந்தக் கணக்கைச் சரிப்படுத்தி 1884-ல் அமெரிக்காவின் நியூயார்க்கில் காப்புரிமை வாங்கியவர் லூயிஸ் வாட்டர்மேன். நிப்புக்கு அடியில் இருக்கிற கட்டையில் மை இறங்க மெல்லிய கீறல்களும், காற்று ஏற வழியும் அமைத்தார். இன்றைய இங்க் பேனாவுக்கும் அடிப்படை அதுதான்.

கறுப்பு ரப்பர் கட்டை

கைவினைப் பேனாவுக்கு ராஜா எபோனைட். பெயர்தான் புதுசாக இருக்கும். பொருள் பழசு. ரப்பரில் கந்தகத்தைச் சேர்த்துச் சூடேற்றினால் டயர் மாதிரி வளையும் ரப்பர் கிடைக்கும். கந்தகத்தை ஏராளமாகக் கூட்டி நெடுநேரம் வேகவைத்தால் மரக்கட்டை மாதிரி இறுகிவிடும். அதுதான் எபோனைட். அந்தக் காலத்து கார் பேட்டரிப் பெட்டிகளும் இந்த இறுகிய ரப்பரில்தான் செய்யப்பட்டன.

பேனாவுக்கு இது ஏன் தோது? முதல் காரணம், லேத்தில் வெண்ணெய் மாதிரி வெட்டுப்படும். சுருள் சுருளாகக் கறுப்பு ரிப்பன் வரும். ரெண்டாவது, மையோடு ஒட்டும் குணம் இதற்கு உண்டு. பிளாஸ்டிக்கில் மை முத்து முத்தாகத் திரண்டு நிற்கும். எபோனைட்டில் பரவிப் படியும். மூன்றாவது காரணம் சூடு. பேனா உடம்புக்குள்ளேயே நேராக மை ஊற்றும்போது, மை குறையக் குறைய உள்ளே காற்று நிறையும். கையின் சூடு பட்டால் அந்தக் காற்று விரிந்து மையைத் தள்ளும். நிப்பு நுனியில் திடீரென்று ஒரு சொட்டு தொங்கும். பரீட்சை எழுதும்போது பேப்பரில் விழுந்த பொட்டுகளில் பாதி இந்த வகைதான்! எபோனைட் சூட்டை மெதுவாகத்தான் கடத்தும் என்பதால் இந்தத் தொல்லை குறையும்.

கெட்ட குணமும் இருக்கிறது. வெயிலில் போட்டால் கறுப்பு வெளிறிப் பழுப்பாகும். கடையும்போது சூடானால் கந்தக நாற்றம் வீடு முழுக்கச் சுற்றும். சமையல் கட்டுக்குப் பக்கத்தில் லேத் போட்டால் வீட்டில் சோறு கிடைப்பது சந்தேகம்.

துளைதான் மூலதனம்

ஒரு பேனாவுக்கு அடிப்படையில் மூன்று துண்டு. உடம்பு, விரல் பிடிக்கும் கழுத்து, மூடி. சுமார் 16 முதல் 18 மில்லிமீட்டர் கனமுள்ள ராடை அறுத்து சக்கில் பிடித்து முகத்தைச் சமப்படுத்துவார்கள். பிறகு டிரில்.

இரும்பில் போடுவது மாதிரி ஒரே மூச்சில் டிரில்லைச் செலுத்தக் கூடாது. கொஞ்சம் உள்ளே, உடனே வெளியே. துருவலைத் தட்டிவிட்டு மறுபடி உள்ளே. இல்லாவிட்டால் ரப்பர் சூடேறி வீங்கும். சூட்டில் துளை ஓர் அளவு காட்டும், ஆறியபின் வேறு அளவு காட்டும். அப்புறம் மரை எப்படிப் பொருந்தும்?

ஆழமும் முக்கியம். உடம்பின் அடியில் சில மில்லிமீட்டர் கட்டியாக விட வேண்டும். பின்னால் முனையை உருட்டும்போது அந்தக் கனம் தேவைப்படும். டிரில் பிட்டில் டேப் ஒட்டி அளவு வைக்காமல் கடைந்தவர்கள், முனையை அழகாக உருட்டி முடிக்கும் நேரத்தில் உள் துளை பல்லிளிப்பதைப் பார்த்திருப்பார்கள். அந்தத் துண்டு குப்பைக்குத்தான். ராடு காசும் அரைநாள் உழைப்பும் அதோடு போச்சு.

உள்மரை போடும்போது மரையின் விட்டத்தில் இருந்து பிட்ச் அளவைக் கழித்துத் துளை போட வேண்டும் என்பது டர்னர்களுக்குத் தெரிந்த கணக்கு. 13 மில்லிமீட்டர் விட்டம், 0.8 பிட்ச் என்றால் துளை 12.2. இரும்பில் கொஞ்சம் முன்னே பின்னே ஆனாலும் போல்ட் இறுகிவிடும். பேனாவில் கழுத்தும் உடம்பும் சேருகிற இடம் தண்ணீரே புகாத அளவுக்கு உட்கார வேண்டும். மரை மட்டும் இறுகினால் போதாது. கழுத்தின் தோளும் உடம்பின் வாயும் சுற்றிலும் ஒரே சமமாகத் தொட வேண்டும். ஒரு பக்கம் மயிரிழை தூக்கினாலும் போச்சு. அதனால்தான் முகத்தைச் சமப்படுத்துவதையும் மரை வெட்டுவதையும் சக்கில் இருந்து கழற்றாமல் ஒரே பிடியில் முடிக்கிறார்கள். கடைசியில் மரையில் துளி சிலிக்கான் கிரீஸ்.

மூடியில் வேறொரு விளையாட்டு. சாதா மரை போட்டால், 4 மில்லிமீட்டர் மரையை ஏற்ற மூடியை ஐந்து சுற்று சுற்ற வேண்டும். கையெழுத்துக்கு ஆள் காத்திருக்கும்போது யார் அவ்வளவு சுற்றுவது? ஆகவே மூன்று மரைகளை ஒன்றுக்குள் ஒன்றாகப் பின்னிப் போடுகிறார்கள். ஒரு சுற்றுக்கு 2.4 மில்லிமீட்டர் இறங்கும். ரெண்டு சுற்றுக்குள் வேலை முடிந்தது. இதற்கான டேப்பும் டையும் சாதாரண டூல்ஸ் கடையில் கிடைக்காது. ஆர்டர் கொடுத்துத்தான் செய்ய வேண்டும். முதலீடு என்று பார்த்தால் லேத்துக்கு அடுத்து இங்கேதான் காசு கரையும்.

மூடிக்கு உள்ளேயும் ஒரு படி வெட்ட வேண்டும். மூடி இறுகும்போது கழுத்தின் உதடு அந்தப் படியில் உட்கார்ந்து காற்றை அடைக்கும். இது சரியாக அமையாவிட்டால் நிப்பில் மை காய்ந்து, மறுநாள் காலை பேனா சண்டித்தனம் பண்ணும்.

நிப்புக்கு அடியில் ஒரு சீப்பு

பேனா வேலையில் பொறுமையைச் சோதிக்கும் துண்டு, நிப்புக்கு அடியில் இருக்கும் அந்தக் கறுப்புக் கட்டை. ஃபீடு என்பார்கள். பெரிய நிப்புக்கு ஏற்றது கிட்டத்தட்ட 6 மில்லிமீட்டர் தடிமன்தான் இருக்கும். அதன் முதுகில் நீளவாக்கில் காற்றுக்கு ஒரு பள்ளம், பள்ளத்தின் அடியில் மைக்கு மெல்லிய கீறல். ஸ்டவ் திரியில் மண்ணெண்ணெய் ஏறுகிற மாதிரி அந்தக் கீறலில் மை தானாகவே நகரும். கீறல் அகலமானால் இழுக்கும் சக்தி போய்விடும். அதனால் மிக மெல்லிய வட்ட ரம்பத்தைத்தான் இதற்குப் பயன்படுத்துகிறார்கள்.

அடிப்பக்கத்தில் சீப்புப் பல் மாதிரி வெட்டுகள் இருப்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். அது அழகுக்கு இல்லை. கூடுதலாக வரும் மை அந்தப் பற்களுக்கு நடுவில் தங்கிக்கொள்ளும். இல்லாவிட்டால் தாளில் சொட்டும்.

கடைந்து முடிந்ததும் கட்டையைக் கொதிக்கிற தண்ணீரில் சில வினாடி காட்டுவார்கள். எபோனைட் இளகும். உடனே நிப்பை வைத்து அழுத்தினால் இரண்டும் இடைவெளி இல்லாமல் ஒட்டி உட்காரும். பழைய பேனா ரிப்பேர்காரர்களும் இதே வைத்தியத்தைத்தான் செய்வார்கள்.

நிப்பு மட்டும் கடன்

அப்படியானால் நிப்பையும் வீட்டிலேயே செய்யலாமா? அது லேத் வேலையே இல்லை. தகட்டை வெட்ட வேண்டும், அச்சில் அழுத்தி வளைக்க வேண்டும், நுனியில் கடினமான உலோகக் கலவையைக் குட்டி உருண்டையாகப் பற்றவைக்க வேண்டும். பிறகு அந்த உருண்டையை நடுவில் பிளந்து கீறல் போட வேண்டும். எல்லாவற்றையும் தானே செய்கிறவர்கள்கூட இங்கே கையைத் தூக்கிவிடுகிறார்கள். ஜெர்மனியின் போக், ஜோவோ நிப்புகளையோ உள்நாட்டு நிப்புகளையோ வாங்கிப் பொருத்துகிறார்கள்.

சாத்தூர் என்றால் காராச்சேவு ஞாபகம் வரும். ஒரு காலத்தில் பேனா நிப்பும் ஞாபகம் வரும். விருதுநகர் மாவட்டத்தின் அந்தச் சின்ன ஊரில் சிறு பட்டறைகளில் நிப்பு செய்து வெளியூர்களுக்கு அனுப்பினார்கள். பால்பாயின்ட் பேனா வந்து விலையில் அடித்ததும் அந்தத் தொழில் ஒடுங்கிப்போனது. காலணா நிப்புக்கு ஊரே வேலை பார்த்தது போய், இன்று ஆயிரக்கணக்கில் விற்கும் பேனாவுக்கு ஜெர்மனியில் இருந்து நிப்பு வருகிறது!

கடைசல் கலை மட்டும் அற்றுப்போகவில்லை. திருவள்ளூரில் எபோனைட் பேனாவைக் கையால் கடையும் வேலை இன்றும் நடக்கிறது. வெளிநாட்டுக்காரர்களும் அளவு சொல்லி ஆர்டர் கொடுத்து வாங்குகிறார்கள். ஆந்திராவின் ராஜமுந்திரியில் ரத்னம் பேனா 1930-களில் சுதேசி இயக்கத்தோடு பிறந்தது. அந்தப் பேனாவைப் பயன்படுத்திப் பார்த்துவிட்டு காந்தி பாராட்டிக் கடிதம் எழுதினார்.

லுங்கியோடு லேத் வேண்டாம்

வீடுதானே என்று லுங்கி, தொளதொள சட்டையோடு லேத் முன்னால் நிற்கக் கூடாது. கையுறையும் ஆபத்து. சுற்றுகிற சக் துணியைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுக்கும். சக் சாவியை மாட்டியபடியே சுவிட்ச் போட்டால் சாவி குண்டு மாதிரி பறக்கும். கம்பெனியில் இதையெல்லாம் கவனிக்க சூப்பர்வைசர் இருப்பார். வீட்டில் குழந்தைகள்தான் இருப்பார்கள். எபோனைட் தூசிக்கு முகமூடி அவசியம். உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் தூசி கிளம்பாது, பளபளப்பும் நன்றாக வரும். 400 நம்பரில் தொடங்கி 2000 வரை ஏறி, பிறகு பஃபிங்.

பரீட்சை நாள்

பேனா தயார். கடைக்கு அனுப்பும் முன் ஒரு பரீட்சை பாக்கி. உடம்பில் மையை நிரப்பி, நிப்பு கீழே பார்க்க மூடியோடு ஒரு ராத்திரி நிறுத்தி வைக்க வேண்டும். காலையில் திறந்து மூடிக்குள் வெள்ளை டிஷ்யூ பேப்பரை விட்டுத் துடைத்தால் கதை தெரிந்துவிடும். கறை இல்லாவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாச்சு. அடுத்து மையைக் கால்பங்காகக் குறைத்து, கையில் பிடித்து ஒரு பக்கம் முழுக்க எழுதிப் பார்க்க வேண்டும். சூட்டில் சொட்டினால் ஃபீடைக் கழற்றி மறுபடி வெந்நீர். கழுத்தைச் சுற்றி மை கசிந்திருந்தால் வெந்நீரும் உதவாது, கிரீஸும் நாலு நாள்தான் தாங்கும். புதுக் கழுத்து கடைய வேண்டியதுதான்.