கணினிக்குள் மீண்டும் எழும் ஊர்கள்



யுத்தத்தில் இடிந்துபோன ஒரு தெருவில் மறுபடியும் நடக்க முடியுமா? முடியாது என்றுதான் நாம் எல்லோரும் சொல்வோம். ஆனால் கணினித் திரைக்குள்ளாவது அப்படி நடந்து பார்க்க வேண்டும் என்று முயன்றவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் என்ன செய்தார்கள், அதிலிருந்து நமக்கு என்ன கிடைக்கும் என்று பார்ப்போம்.

இது என்ன உலகம்?

அமெரிக்காவின் சன் பிரான்சிஸ்கோ நகரிலுள்ள லின்டன் லாப் என்ற நிறுவனம் 2003ஆம் ஆண்டு இணையத்தில் ஓர் உலகத்தைத் திறந்தது. அதன் பெயர் 'செக்கன்ட் லைப்', அதாவது இரண்டாவது வாழ்க்கை. பார்ப்பதற்கு விளையாட்டுப் போல இருந்தாலும் இதில் வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை. உள்ளே செல்பவருக்குத் திரையில் ஓர் உருவம் கிடைக்கும். அதை 'அவதார்' என்பார்கள். நமக்குத் தெரிந்த அவதாரம் என்ற சொல்லே அது. அந்த உருவத்தை நடக்க வைக்கலாம், பறக்க வைக்கலாம், அங்கு வந்திருக்கும் மற்றவர்களோடு உரையாடலாம்.

அங்குள்ள வீடுகளையும் வீதிகளையும் பெரும்பாலும் கட்டியவர்கள் அங்கு வந்து போகும் சாதாரண மக்களே. 256 மீற்றர் நீளமும் 256 மீற்றர் அகலமும் கொண்ட நிலப்பகுதி ஒன்றை எடுத்து, பெட்டி, உருண்டை, உருளை போன்ற வடிவங்களைச் சேர்த்துச் சேர்த்துக் கட்டுவார்கள். கல்லுக்குக் கல்லின் புகைப்படம், மரத்துக்கு மரத்தின் புகைப்படம் என்று மேலே ஒட்டுவார்கள். உண்மையான கட்டடம் ஒன்றை அப்படியே அமைப்பதென்றால் அதன் வரைபடமும் அளவுகளும் ஏராளமான புகைப்படங்களும் வேண்டும்.

போகமுடியாத இடங்களுக்கு ஒரு பயணம்

ரோமாபுரியின் வத்திக்கானிலுள்ள சிஸ்டைன் சிற்றாலயத்தின் கூரையில் மைக்கலாஞ்சலோ 1508 முதல் 1512 வரை ஓவியங்கள் தீட்டினார். நேரில் செல்பவர்கள் கழுத்தை நிமிர்த்தி, வெகு உயரத்திலுள்ள அவற்றைப் பார்க்க வேண்டும். 2007இல் அமெரிக்காவின் வாஸார் கல்லூரி அந்த ஆலயத்தை செக்கன்ட் லைப்பில் அமைத்தபோது, பார்வையாளர் கூரைவரை பறந்துபோய் ஓவியத்தின் அருகிலேயே நின்று பார்க்க முடிந்தது. பயணச் செலவுக்கு வழியில்லாதவர்களுக்கும், நடமாட முடியாதவர்களுக்கும் இது எவ்வளவு பெரிய விடயம்!

அதே 2007இல் ஜேர்மனியின் ட்ரெஸ்டன் நகர ஓவியக்கூடமும் அங்கே திறக்கப்பட்டது. உண்மையான அளவிலேயே மண்டபங்கள் அமைக்கப்பட்டு, 750 ஓவியங்கள் தொங்கவிடப்பட்டன. இந்தக் கூடத்துக்கு ஒரு கதை உண்டு. 1945 பெப்ரவரியில் விமானக் குண்டுவீச்சில் ட்ரெஸ்டன் நகரம் எரிந்தது. ஓவியக்கூடமும் பெரும் சேதமடைந்தது. பல ஓவியங்கள் அழிந்தன. ஆனால் முன்கூட்டியே நகருக்கு வெளியே கொண்டுபோய் ஒளித்து வைக்கப்பட்டவை தப்பின. அவற்றை சோவியத் படையினர் கொண்டு சென்று 1955இல் திருப்பிக் கொடுத்தனர். கட்டடம் முழுமையாகத் திருத்தப்பட 1960 ஆகிவிட்டது. கணினிக்குள் அந்தக் கூடம் எழுந்ததென்றால், யாரோ சிலர் சரியான நேரத்தில் ஓவியங்களைக் காப்பாற்றியதால்தான்.

அழிந்ததை நினைவில் வைத்தல்

யுத்தத்துக்கு முந்திய பேர்லினை, அதாவது 1920களின் பேர்லின் நகரத்தை, 2009இல் நெதர்லாந்துப் பெண்மணி ஒருவர் செக்கன்ட் லைப்பில் அமைக்கத் தொடங்கினார். உள்ளே வருபவர்கள் அந்தக் காலத்து உடையே அணிய வேண்டும் என்பது அவரது விதி. சிலர் அங்கு வாடகைக்கு வீடும் எடுத்தார்கள். அந்தப் பழைய பேர்லினின் பெரும்பகுதி யுத்தத்தில் சிதைந்துவிட்டது.

அமெரிக்காவிலுள்ள யூத இனப்படுகொலை நினைவு அருங்காட்சியகம் 2008இல் வேறொன்றைச் செய்தது. 1938 நவம்பரில் ஜேர்மனியில் யூதர்களின் கடைகளும் வணக்கத் தலங்களும் உடைக்கப்பட்டன, எரிக்கப்பட்டன. அந்த இரவின் பின் ஒரு வீதி எப்படிக் கிடந்திருக்கும் என்று அமைத்தார்கள். பார்வையாளர் ஒரு செய்தியாளராக அங்கு நடந்து, உயிர் தப்பியவர்களின் வாக்குமூலங்களைக் கேட்க முடிந்தது. பெரிய புள்ளிவிபரத்தைவிட ஒருவரின் குரல் மனதைத் தொடும். ஆனால் இதே துன்பத்தை அனுபவித்தவர்களுக்கு அந்தக் காட்சி பழைய காயத்தைக் கிளறவும் கூடும். பார்க்க விரும்பாதவர் பார்க்காமல் விடுவதில் தவறே இல்லை.

கவனிக்க வேண்டியவை

இந்த உலகத்துக்குள் நுழையக் கட்டணம் இல்லை. ஆனால் நல்ல கணினியும் வேகமான இணைய இணைப்பும் வேண்டும். வயது வந்தோருக்கு மட்டுமான பகுதிகளும் அங்குண்டு. எனவே பிள்ளைகளைத் தனியே விடக்கூடாது. உருவத்துக்குப் பின்னால் இருப்பவர் யார் என்று நமக்குத் தெரியாது. உங்கள் உண்மைப் பெயர், முகவரி, குடும்ப விபரம், வங்கி விபரம் எதையும் சொல்லாதீர்கள். அனுதாபமாகப் பேசிப் பணம் கேட்பவர்களிடம் விலகியிருங்கள்.

இன்னொன்று: அங்கு நிலத்துக்கு மாதந்தோறும் பணம் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் ஊரே மறைந்துவிடும். அப்படி மறைந்த இடங்கள் பல. கணினியும் நிரந்தரமான பெட்டகம் அல்ல.

நாம் என்ன செய்யலாம்?

சகோதரிகளே, இந்த ஊர்களையெல்லாம் எழுப்ப முதலில் தேவைப்பட்டது அளவும், படமும், ஞாபகமும்தான். அவை இல்லாவிட்டால் எந்தக் கணினியாலும் ஒரு கதவைக்கூட வைக்க முடியாது. ஒரு கொப்பியும் பென்சிலும் எடுங்கள். நீங்கள் விட்டுவந்த வீட்டின் வரைபடத்தைக் கீறுங்கள். வாசல் எந்தப் பக்கம் பார்த்தது, கிணற்றடிக்கு எத்தனை எட்டு, முற்றத்தில் என்ன மரம் நின்றது, பக்கத்து வீட்டில் யார் இருந்தார்கள் என்று எழுதுங்கள். அம்மம்மாவிடமும் பெரியம்மாவிடமும் கேளுங்கள். புகைப்படம் மிஞ்சியிருந்தால் பின்புறத்தில் பெயரும் ஆண்டும் மெதுவாகக் குறித்து வையுங்கள்.

ஒரே நாளில் முடிக்க வேண்டியதில்லை. மனம் கனத்தால் கொப்பியை மூடிவிட்டு இன்னொரு நாள் தொடருங்கள். அந்த வீட்டைக் காணாத உங்கள் பிள்ளைகள், அந்தக் கொப்பியை விரித்து, 'இதுதான் எங்கள் கிணற்றடி' என்று விரல் வைத்துக் காட்டுவார்கள்.