மணற்பெட்டியும் பூனையின் இடவுணர்வும்

கடையில் 'லிட்டர் பாக்ஸ்' என்று கேட்டு வாங்கும் பூனையின் மணற்பெட்டியை ஒரு மூலையிலிருந்து மற்றொரு மூலைக்கு மாற்றுவது நமக்கு நொடிப்பொழுது வேலை. புதிய சலவை எந்திரத்துக்கு இடம் தேவைப்பட்டிருக்கலாம். குழந்தை தவழத் தொடங்கியிருக்கலாம். அடுக்களைப் பக்கம் நாற்றம் வருகிறதென்று வீட்டு மூத்தோர் முகஞ்சுளித்திருக்கலாம். காரணம் எதுவாயினும், மறுநாட் காலையில் பெட்டி புதிய இடத்தில் மணல் கலையாமல் கிடக்கும்; பழைய மூலையின் வெறுந்தரையில் ஈரம் தேங்கியிருக்கும். பூனை பழிவாங்குகிறது என்பார் ஒருவர். திமிர் என்பார் மற்றொருவர். இரண்டும் பிழை. நாள்தோறும் சென்ற இடத்துக்கே அன்றும் அது ஒழுங்காகச் சென்றது. பேருந்து நிலையத்தை ஊருக்கு வெளியே கொண்டுபோன பின்னரும், பழைய நிலையத்தின் வாயிலில் பையோடு வந்து நிற்கும் முதியவரை நாம் திமிர் பிடித்தவர் என்பதில்லை.

பூனைக்குக் கழிப்பிடம் என்பது பெட்டி என்னும் பொருள் மட்டுமன்று. ஒரு வழி, ஒரு மணம், காலடியில் ஒரு மென்மை, சுற்றுப்புறத்தை நோட்டமிட ஒரு நிலை ஆகிய அனைத்தும் சேர்ந்ததே அது. பெட்டியைத் தூக்கும்போது இவற்றுட் பெரும்பகுதி பழைய மூலையிலேயே தங்கிவிடுகிறது.

இதன் வேர் மிகப் பழையது. வீட்டுப்பூனையின் முன்னோர் வட ஆப்பிரிக்காவிலும் மேற்காசியாவிலும் வறண்ட நிலங்களில் வாழ்ந்த காட்டுவெருகு. சைப்பிரசுத் தீவில் சில்லூரோகாம்போசு என்னுமிடத்தில், ஏறத்தாழ 9500 ஆண்டுகளுக்கு முற்பட்ட புதைகுழியில், மனிதர் ஒருவரின் எலும்புக்கூட்டுக்கு அருகே பூனையின் எலும்புக்கூடும் கிடைத்ததைப் பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2004இல் வெளியிட்டனர். இத்தனை ஆயிரம் ஆண்டுகள் மனிதரோடு உறவாடியும் உடலமைப்பில் பூனை வறள்நில விலங்காகவே இருக்கிறது. அதன் சிறுநீரகம் நீரை இயன்றவரை மீட்டுக்கொண்டு, மனிதச் சிறுநீரின் உச்சச் செறிவைப்போல் இரு மடங்குக்கும் மேலான செறிவுடன் கழிவை வெளியேற்ற வல்லது. செறிவு கூடினால் நாற்றமும் கூடும். உறைவிடத்தருகே அந்நாற்றம் பரவுவது சிறு விலங்கொன்றுக்கு நல்லதன்று. ஆகவே தோண்டிக் கழித்து மூடும் இயல்பு அதற்கு வாய்த்தது. தன் எல்லையின் ஓரத்திலோ அதே பூனை மூடாமல் விட்டுச் செல்வதுமுண்டு. அங்கே நாற்றம் பிறருக்கு விடுக்கும் அறிவிப்பு. குட்டிகள் பிறந்து மூன்று கிழமை வரை தாய் நக்கித் தூண்டினால்தான் கழிக்கும். அதன்பின் பொலபொலப்பான மண் எங்கிருந்தாலும் தாமாகவே பறிக்கத் தொடங்கும்.

அந்நாற்றத்தின் வேதியியலும் தனிச்சிறப்புடையது. பூனையின் சிறுநீரில் பெலினைன் என்னும் கந்தகம் சேர்ந்த அமினோ அமிலம் உண்டு. காயடிக்கப்படாத கடுவனிடம் அது மிகுதி. காக்சின் என்னும் புரதமே அதன் ஆக்கத்தை நெறிப்படுத்துகிறது என்பதை 2006இல் சப்பானிய அறிஞர் மசாவோ மியாசாகியும் அவர்தம் குழுவினரும் நிறுவினர். சிறுநீர் வெளிப்பட்ட கணத்தில் பெலினைனுக்கு நாற்றம் இல்லை; நேரம் செல்லச் செல்ல அது சிதைந்து கந்தகச் சேர்மங்களாக மாறும்போதே வீச்சம் எழுகிறது. துடைத்துவிட்டோம் என்று நாம் நிறைவடையும் தரையில் நமக்கு எட்டாத எச்சம் இருக்கிறது. மூக்கால் ஒருமுறையும், மேலண்ணத்தில் திறக்கும் மற்றோர் உறுப்பால் மறுமுறையும் மணத்தை ஆராயும் பூனைக்கு அந்த எச்சம் தெளிவான அடையாளம். அதனாலேயே வெறும் சவர்க்கார நீரால் கழுவுவது போதாது. சிறுநீர்க் கறையைச் சிதைக்கும் நொதிகள் கலந்த துப்புரவு நீர்மம் வேண்டும். அம்மோனியா கலந்தவற்றை அறவே தவிர்க்க வேண்டும். சிறுநீரும் சிதைந்து அம்மோனியாவைத் தருவதால், அவ்வகைக் கழுவல் பூனையை மீண்டும் அங்கேயே அழைக்கும்.

மணம் ஒரு பாதி, நினைவு மறுபாதி. மூளையின் கடற்குதிரை வடிவப் பகுதியில், குறிப்பிட்ட இடத்தில் நிற்கும்போது மட்டும் கிளர்ந்தெழும் நரம்பணுக்கள் இருப்பதை 1971இல் சான் ஓ'கீஃப் எலிகளிடம் கண்டறிந்தார். 2014இல் அதற்காக நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பூனையைப் பற்றி நேரே பேசும் ஓர் ஆய்வும் உண்டு. எனக்கு மிகவும் உவப்பானது அதுவே. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் மெக்வீ, பியர்சன் ஆகிய இருவரும் நடக்கும் பூனையின் வழியில் தாழ்ந்த தடையொன்றை வைத்தனர். முன்னங்கால்கள் அதைத் தாண்டியதும் உணவு காட்டிப் பூனையை நிறுத்தி, அது அறியாதவாறு தடையை அகற்றினர். நிமிடங்கள் பல கழிந்து பூனை மீண்டும் நடந்தபோது, இல்லாத தடைக்காகப் பின்னங்கால்களை உயர்த்தித் தூக்கி வைத்தது! தடையைக் கண்ணால் மட்டும் கண்டு, முன்னங்கால் தாண்டுமுன் நின்ற பூனைகளிடமோ அந்நினைவு விரைவில் மங்கிவிட்டது. 2007இல் வெளியான இவ்வாய்வு மணற்பெட்டிக்காக நடத்தப்பட்டதன்று. ஆயினும் பெட்டியை மாற்றுவோர்க்கு அதில் ஒரு குறிப்பு இருப்பதாகக் கொள்கிறேன்: பூனைக்குப் புதிய இடத்தைக் காட்டுவதால் பயன் சிறிது, அதுவே தன் காலால் நடந்து பழகுவதால் பயன் பெரிது. பூனையைத் தூக்கிச் சென்று புதிய பெட்டிக்குள் இறக்கி, முன்னங்காலைப் பிடித்து மணலைக் கிளறச் செய்வோர் பலர். பிடிக்கு அகப்பட்ட அச்சமே அங்குப் பதியும். அடுத்தமுறை அது அப்பெட்டியை விட்டு விலகியோடும்.

இனி மாற்றும் முறைக்கு வருவோம். பெட்டியை நாளொன்றுக்குச் சாண் அளவு நகர்த்துவது பலரும் சொல்லும் வழி. ஒரே அறைக்குள் மாற்றுவதாயின் அது நல்ல வழியே. ஓர் அறையிலிருந்து வேறோர் அறைக்கு என்றால் அவ்வழியை நான் பரிந்துரையேன். பெட்டி கூடத்தின் நடுவிலும் கதவின் குறுக்கிலும் பல நாள் கிடக்கும். ஆட்கள் நடமாடும் இடத்தில் குந்தியிருக்கப் பூனை ஒருப்படாது. வீட்டாரும் காலிடறிப் பொறுமை இழப்பர். அதனினும் சிறந்தது இரு பெட்டி முறை. பழைய பெட்டியை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டுப் புதிய இடத்தில் அதே அளவும் வடிவமும் உள்ள மற்றொன்றை வைக்க வேண்டும். அதில் அதே வகை மணலை இரண்டு விரற்கடை ஆழத்துக்கு நிரப்பி, பழைய பெட்டியிலிருந்து பயன்பட்ட மணல் ஒரு பிடி அள்ளித் தூவ வேண்டும். கன்னத்தைத் தேய்த்துத் தனக்குரியதென்று குறியிடுவது பூனையின் வழக்கமாதலால், அதன் கன்னத்தில் மெல்லத் துடைத்த துணியைப் புதிய இடத்துச் சுவரின் அடியில் தேய்த்து வைப்பதும் உதவும். உணவோ விளையாட்டோ அந்த அறையின் மறுபுறத்தில் நிகழட்டும். பூனை தானாகவே பெட்டியைக் கடந்து நடக்கும். புதிய பெட்டியில் தவறாமல் ஈரம் காணத் தொடங்கிய பின்னரும் பழையதை உடனே எடுக்காமல், ஓரிரு கிழமை பொறுப்பது நன்று. சிலவற்றுக்கு மூன்று நாளில் முடியும். முதிர்ந்த பூனைக்கு ஒரு திங்கள் ஆனாலும் வியப்பில்லை.

புதிய இடம் எத்தகையது என்பதையும் பார்க்க வேண்டும். சலவை எந்திரத்தின் பக்கத்தில் வைத்துவிட்டு, அது சுழன்று உறுமும் வேளையில் பூனை பெட்டியிலிருந்து தாவி ஓடினால், மாற்றம் அன்றே தோற்றது. முடுக்கான மூலையும் ஆகாது. வேறு பூனையோ நாயோ வழிமறித்தால் தப்ப மறுவழி வேண்டும். பெட்டியின் நீளம் பூனையின் உடல்நீளத்தைப்போல் ஒன்றரை மடங்காவது இருத்தல் நலம் என்பர் கால்நடை மருத்துவர். நம் கடைகளில் விற்பவை பலவும் அதற்குக் குறைந்தவையே. மூட்டுவலியுள்ள கிழப்பூனைக்கு ஒரு பக்க விளிம்பு தாழ்ந்திருக்க வேண்டும்.

இடம் மாறும் நாட்களில் மணலின் வகையையும் மாற்றுவது பெருந்தவறு. 1947இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், குளிரில் உறைந்த மணற்குவியலைத் தோண்ட இயலாத அண்டை வீட்டுப் பெண்ணுக்கு, எட்வர்டு லோ என்பவர் எண்ணெய் உறிஞ்சுவதற்காக விற்றுவந்த களிமண் பருக்கைகளைக் கொடுத்தார். கடையில் விற்கும் பூனைமணலின் தொடக்கம் அதுவே. அதன்பின் மரத்தூள், காகிதம், பளிங்குமணி என வகைகள் பெருகின. நறுமணம் ஊட்டியவையும் வந்தன. நறுமணம் வாங்குபவரின் மூக்குக்காகச் சேர்க்கப்பட்டதேயன்றிப் பூனைக்காக அன்று. நுண்மணியான, மணமற்ற, ஈரம்பட்டால் கட்டியாகும் களிமண்ணையே பெரும்பாலான பூனைகள் விரும்புகின்றன.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பூனை அடிக்கடி குந்தி, முனகி, சொட்டுச் சிறுநீரோடு எழுமாயின் அங்கே வினவ வேண்டியது இடத்தைப் பற்றியன்று. மனவழுத்தத்தால் சிறுநீர்ப்பை அழன்றிருக்கலாம். கடுவனாயின் குறுகிய சிறுநீர்த்தாரை அடைபட்டிருக்கலாம். அடைப்பு ஓரிரு நாளில் உயிரைப் பறிக்கும். அன்றைய பொழுதுக்குள் மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

நலமுள்ள பூனை புதிய பெட்டிக்குப் பழகிய பின்னர் எஞ்சுவது பழைய மூலை. அதை நொதிநீர்மத்தால் நன்கு ஊறவைத்துக் கழுவி உலர்த்திய பிறகு, அங்கே பூனையின் உணவுத்தட்டை வைத்துவிடலாம். உண்ணும் இடத்தில் கழிப்பதைப் பூனை வெறுக்கும். இரண்டு வேளை உணவு அங்கே கிடைத்துவிட்டால், அந்த மூலையைப் பற்றி அதன் கால்களும் மூக்கும் வேறு கணக்கு எழுதத் தொடங்கும்.