மிதிச்சும் ஓடாத கார்

சித்தப்பா கார் திண்டிவனம் தாண்டினதும் செக் என்ஜின் லைட் எரிஞ்சது. எவ்வளவு மிதிச்சாலும் வண்டி உருளுதே தவிர ஓடலை. மெக்கானிக் பார்த்துட்டு, "த்ராட்டில் பாடியையே மாத்தணும்" என்றார்.

நான் ஸ்கேனர் போட்டேன். எரர் கோட் பி2135. இதற்கு அர்த்தம் த்ராட்டில் பாடி போச்சு என்பதில்லை. இரண்டு சென்சார் சொல்றது ஒத்துப்போகலை, அவ்வளவுதான்.

இப்போதைய கார்களில் பெடலுக்கும் த்ராட்டிலுக்கும் நடுவே கேபிள் கிடையாது. த்ராட்டில் தகடு எவ்வளவு திறந்திருக்குன்னு இரண்டு சென்சார் தனித்தனியா ஈசியூவுக்குச் சொல்லும். இந்த வண்டியில் ஒன்றின் வோல்டேஜ் ஏறினா மற்றது இறங்கும். கூட்டினா எப்பவும் சுமார் 5 வோல்ட். கணக்கு உதைச்சா ஈசியூ இரண்டையுமே நம்பாது, பவரைக் குறைச்சிடும்.

இக்னிஷனை ஆன் பண்ணி, கனெக்டரைக் கழட்டாமல் பின்பக்கமா மல்டிமீட்டர் வச்சோம். 5 வோல்ட், சரியாத்தான் இருந்தது. வயரை லேசா ஆட்டினேன், ஒரு சென்சார் சட்டுனு பூஜ்யம்! (விரலைத் தகடு பக்கம் கொண்டுபோகாதீங்க, மோட்டார் கடிச்சிடும்.)

இக்னிஷனை ஆஃப் பண்ணிக் கழட்டினா, கனெக்டர் பின்னில் பச்சை பூத்திருந்தது. கான்டாக்ட் க்ளீனர் அடிச்சு, தளர்ந்த பின்னை இறுக்கி, கோடை அழிச்சோம். மறுபடி ஆட்டிப் பார்த்தேன், வோல்டேஜ் அசையலை.

"அப்போ த்ராட்டில் பாடி?" என்றார் சித்தப்பா. பழசேதான் ஓடுது.