காவல் இல்லாத எல்லை

அயர்லாந்து தீவில் பெட்டிகோ என்று ஒரு சிற்றூர். ஊருக்கு நடுவே ஓர் ஆறு. ஆற்றின் மேல் ஒரு பாலம்.

பாலத்தின் ஒரு பக்கம் அயர்லாந்து குடியரசு. மறு பக்கம் பிரிட்டனைச் சேர்ந்த வட அயர்லாந்து. இங்கே யூரோ நாணயம். அங்கே பவுன் நாணயம்.

ஆனால், பாலத்தில் சுங்கச் சாவடி இல்லை. காவல்காரர் இல்லை. ரொட்டி வாங்க ஒரு நாட்டில் இருந்து இன்னொரு நாட்டுக்கு நடந்தே போய் வரலாம்!

பிரிட்டன் ஐரோப்பிய யூனியனை விட்டு விலகிவிட்டது. அயர்லாந்து அதிலேயே இருக்கிறது. அப்படியிருந்தும் இந்த எல்லையில் கதவு போடவில்லை. ஏன்?

ரத்தம் சிந்திய கோடு

அயர்லாந்து முழுவதும் முன்பு பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தது. 1921-ம் ஆண்டில் தீவு பிரிக்கப்பட்டது. தெற்கே இருந்த பெரும் பகுதி மறு ஆண்டு தனி ஆட்சி பெற்றது. வடக்கே 6 மாவட்டங்கள் பிரிட்டனுடன் தங்கின. நடுவே சுமார் 310 மைல் நீள எல்லை.

1923-ல் சுங்கச் சாவடிகள் முளைத்தன. கூடவே கள்ளக்கடத்தலும் முளைத்தது. வெண்ணெயும் மாடுகளும் இருட்டில் எல்லை தாண்டின.

1969-ல் வடக்கே பெருங் கலவரம் மூண்டது. பிரிட்டனுடனேயே இருக்க வேண்டும் என்றனர் ஒரு சாரார். அயர்லாந்துடன் சேர வேண்டும் என்றனர் மறு சாரார். ராணுவம் பல எல்லைச் சாலைகளை அடைத்தது. 1972 ஆகஸ்டு 22-ந் தேதி நியூரி நகரச் சுங்கச் சாவடியில் குண்டு வெடித்து 9 பேர் மாண்டனர். 30 ஆண்டுகளில் பலியானவர்கள் 3,500 பேருக்கும் மேல்!

1993-ல் ஐரோப்பாவில் பொதுச் சந்தை வந்தது. சுங்கச் சோதனை நின்றது. 1998-ல் சமாதான ஒப்பந்தம் ஏற்பட்டது. ராணுவக் காவல் கோபுரங்களும் படிப்படியாக அகற்றப்பட்டன.

பாகப்பிரிவினை

2016 ஜூன் 23-ந் தேதி பிரிட்டனில் ஓட்டெடுப்பு நடந்தது. யூனியனை விட்டு விலக 100-க்கு 52 பேர் ஓட்டளித்தனர். வட அயர்லாந்தில் 100-க்கு 56 பேர் விலக வேண்டாம் என்றனர். 2020 ஜனவரி 31-ந் தேதி பிரிட்டன் விலகியது.

அண்ணன் தம்பி ஒரே வீட்டில் இருக்கும்வரை, யார் எதை எடுத்துப் போனாலும் கணக்கு இல்லை. பாகம் பிரித்துவிட்டால் நடுவே சுவர் வேண்டும். வாசலும் வேண்டும். நாடுகளும் அப்படித்தான். வரி வேறு, விதி வேறு என்றால் சரக்கைச் சோதித்தாக வேண்டும்.

ஆனால், சாவடி கட்டினால் பழைய பகை மூளுமே! என்ன செய்வது?

கடலில் எல்லை

சோதனையைத் தரையில் இருந்து கடலுக்கு மாற்றினார்கள்!

சரக்கு விஷயத்தில் வட அயர்லாந்து ஐரோப்பிய விதிகளையே பின்பற்றும். பிரிட்டனின் மற்றப் பகுதிகளில் இருந்து கப்பலில் வரும் சரக்குக்குப் பெல்பாஸ்ட், லார்ன் போன்ற துறைமுகங்களில் சோதனை. 2021 ஜனவரி 1-ந் தேதி இது நடைமுறைக்கு வந்தது.

மக்கள் போக்குவரத்துக்குத் தடை இல்லை. பிரிட்டிஷ் மக்களும் அயர்லாந்து மக்களும் இரு நாடுகளுக்கும் தாராளமாகப் போய் வரும் ஏற்பாடு 1920-களில் இருந்தே இருக்கிறது.

"ஒரே நாட்டுக்குள் சோதனையா?" என்று பிரிட்டன் பக்கம் சாய்ந்தவர்கள் கொதித்தனர். 2022 பிப்ரவரியில் அவர்களுடைய பெரிய கட்சி மந்திரிசபையை முடக்கியது. வட அயர்லாந்து 2 ஆண்டுகள் முழு மந்திரிசபை இல்லாமல் தவித்தது.

2023-ல் ஒப்பந்தம் தளர்த்தப்பட்டது. வட அயர்லாந்திலேயே விற்பனையாகும் சரக்குக்குப் பச்சைப் பாதை, சோதனை குறைவு. தெற்கே போகக்கூடிய சரக்குக்குச் சிவப்புப் பாதை, முழுச் சோதனை.

2024 டிசம்பர் 10-ந் தேதி வட அயர்லாந்து சட்டசபை ஓட்டெடுத்தது. ஏற்பாடு தொடர 48 பேரும், எதிராக 36 பேரும் ஓட்டளித்தனர். ஏற்பாடு மேலும் 4 ஆண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டது.

பெட்டிக்குப் பெட்டி காகிதம் எழுத வேண்டியிருக்கிறதே என்று முணுமுணுக்கும் வியாபாரிகள் அங்கே உண்டு. பழைய சண்டையில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார்களும் அதே ஊர்களில் இருக்கிறார்கள்.

காகிதச் சுமை பெரிதுதான். ஆனால், அதை இறக்கி வைக்க முடியும். போன உயிரைத் திருப்ப முடியாது.