ஓட்டுக் கூரையில் படரும் பாசி

தாராபுரம் தாலூகாவில் மழை சொற்பமே. ஆயினும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் பருவமழையில் மரநிழல் விழும் ஓடுகளில் பாசி படர்ந்துவிடுகிறது. அங்கத்தினர்கள் இதனை அலக்ஷியம் செய்யலாகாது. பாசி ஈரத்தைப் பிடித்து வைக்கும். ஓடுகளின் இடுக்கில் தடித்து ஜலத்தை உள்ளே திருப்பும். நாளடைவில் சட்டமும் கைமரமும் இற்றுப்போகும். ஒருநாள் வேலைக்குச் சோம்பியவர் மரத்திற்கே பணம் தேட நேரும்.

தை, மாசியில் பாசி உலர்ந்தபின் தென்னந்துடைப்பத்தால் மேலிருந்து கீழாகத் தேய்த்து அகற்றுக. இரும்பினால் சுரண்டினால் ஓட்டின் மேற்பரப்பு சொரசொரப்பாகி மறுபடியும் பாசிக்கே இடமாகும். மயில்துத்தக் கரைசல் பாசியைக் கொல்லும். ஆனால் குளத்தில் கலந்தால் மீன்களுக்கு நஞ்சு. கூரை ஜலத்தைச் சேமிப்போர் அதனைத் தொடவே வேண்டாம். கவிந்த கிளைகளைக் கழித்து வெயிலும் காற்றும் படச் செய்வதே உத்தமம்.

ஈர ஓட்டில் ஒருபோதும் ஏறற்க.